வலி நின்ற பல்

மூன்று நாட்களாக உயிரை வாங்கிய பல் நான்காம் நாள் தானாகவே அமைதியாகிவிடுகிறது. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை வேலை செய்துவிட்டது என்று வீட்டில் மகிழ்கிறார்கள். பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற பேச்சும் அத்தோடு நின்றுவிடுகிறது. அந்தப் பல்லுக்குள் என்ன நடந்திருக்கும்? காவல்காரன் கூச்சலை நிறுத்திவிட்டான் என்றால் திருடன் போய்விட்டான் என்று பொருளாகாது, காவல்காரனே இறந்திருக்கலாம். கடுமையாக வலித்துப் பின் தானே அடங்கிய பல்லில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

இயற்பியல் ஆசிரியனுக்குப் பல்லில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அழுத்தம், நுண்புழை, எக்ஸ் கதிர், மின்தடை, உலோகத்தின் மீள்தன்மை என்று நீங்கள் பாடப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாகப் படிப்பவை அனைத்தும் ஒரே பல்லுக்குள் வந்து சேரும் இடம் ஒன்று உண்டு. அதற்கு வேர்க்குழல் சிகிச்சை என்று பெயர். ஊரில் எல்லோரும் 'ரூட் கெனால்' என்கிறோம்.

அரைச் சொட்டு உயிர்

பல்லின் வெளிப்பூச்சான எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். அதற்கு அடியில் டென்ட்டின் என்ற அடுக்கு இருக்கிறது. இது திண்மமாகத் தோன்றினாலும் ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் ஓடும் பொருள். ஒவ்வொன்றின் விட்டமும் ஒன்று முதல் இரண்டரை மைக்ரோமீட்டர்தான். அதற்கும் உள்ளே பற்கூழ். இரத்தக் குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மென்மையான திசு இது. வேரின் நடுவே ஓடும் மெல்லிய குழலின் வழியாக இறங்கி, வேர் நுனியில் உள்ள சிறு துளை வழியே தாடை எலும்போடு தொடர்பு கொள்கிறது. அந்தத் துளை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது.

ஒரு பல்லில் உள்ள பற்கூழ் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? சராசரியாக 0.02 கன சென்டிமீட்டர். சொட்டு மருந்துக் குழாயிலிருந்து விழும் நீர்ச் சொட்டு ஒன்று சுமார் 0.05 கன சென்டிமீட்டர். ஆக, இரவெல்லாம் நம்மைத் தூங்கவிடாமல் அடிப்பது அரைச் சொட்டுக்கும் குறைவான திசு!

பல்லில் பூச்சி விழுந்துவிட்டது என்று சொல்கிறோம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் புழு வெளியே விழும் என்று நம்பியவர்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. பல்லுக்குள் புழு கிடையாது. இருப்பவை பாக்டீரியாக்கள். நாம் தின்னும் சர்க்கரையை அவை அமிலமாக மாற்றுகின்றன. பல்லின் மேற்பரப்பில் பிஹெச் மதிப்பு ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கனிமம் கரையத் தொடங்கும். குழி எனாமலைத் தாண்டி டென்ட்டினை அடைந்ததும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. நுண்குழாய்களில் உள்ள திரவம் சட்டென நகர்வதால் அவற்றின் அடியிலுள்ள நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன என்று சுவீடன் நாட்டுப் பல் அறிஞர் பிரான்ஸ்ட்ரோம் 1960களில் சோதனைகளால் காட்டினார். இந்தக் கட்டத்தில் போனால் குழியைச் சுத்தம் செய்து அடைப்பதோடு வேலை முடிந்துவிடும். பெரும்பாலோர் போவதில்லை.

வீங்க இடமில்லாத வீக்கம்

விரலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் விரல் வீங்குகிறது. தோல் நெகிழ்ந்து இடம் கொடுக்கிறது. பாக்டீரியாக்கள் பற்கூழை எட்டும்போது அங்கும் அதேபோல் இரத்த ஓட்டம் அதிகரிக்கிறது, திரவம் கசிகிறது. ஆனால் சுற்றிலும் இருப்பதோ நெகிழாத சுவர். பருமன் கூட முடியாத இடத்தில் திரவம் சேர்ந்தால் அழுத்தம்தான் கூடும். மெல்லிய சிரைகள் நசுங்குகின்றன. இரத்தம் வடிவது குறைகிறது. அந்தப் பகுதி பட்டினி கிடந்து மடிகிறது. பற்கூழ் முழுவதும் ஒரே வேளையில் நெரிபட்டு இறக்கிறது என்று முன்பு எழுதினார்கள். அப்படியல்ல, அழுத்தம் முதலில் ஓரிடத்தில் மட்டும் உயர்ந்து, சாவு அங்குலம் அங்குலமாகக் கீழே பரவுகிறது என்பதே இப்போதைய கருத்து. (அங்குலம் என்றது பேச்சு வழக்குக்காக. முழுப் பல்லும் ஓர் அங்குலம்கூட இராது.)

இந்த வலி ஏன் இரவில் படுத்தவுடன் கூடுகிறது? நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நிற்கும்போது பல் இதயத்துக்கு மேலே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரத்தத்தின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1060 கிலோகிராம். உயரம் பெருக்கல் அடர்த்தி பெருக்கல் புவியீர்ப்பு முடுக்கம் என்ற பழைய சூத்திரத்தில் போட்டால், 0.3 × 1060 × 9.8, அதாவது ஏறத்தாழ 3100 பாஸ்கல் வரும். பாதரச அளவில் 23 மில்லிமீட்டர். நிற்கும்போது தலைக்குப் போகும் இரத்தத்தின் அழுத்தம் இந்த அளவுக்குக் குறைந்திருக்கும். படுத்தவுடன் அந்தக் குறைவு மறைந்துவிடுகிறது. உடல் ஒரு பகுதியைச் சரிக்கட்டிக்கொள்ளும் என்றாலும், ஏற்கெனவே முட்டி நிற்கும் அறைக்கு மிச்சமே போதும். தலையணையை உயர்த்தி வைத்தால் சற்று ஆறுதல் கிடைப்பதும் இதனால்தான்.

முதலில் குளிர்ச்சிக்குக் கூசிய பல், பற்கூழ் மடியும் தறுவாயில் சூடான காபிக்குத் துடிக்கும். குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்தால் அடங்கும். தண்ணீர்ப் பாட்டிலும் கையுமாக ஒருவர் பல் மருத்துவரிடம் வந்தால், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே மருத்துவருக்குப் பாதி விளங்கிவிடும். பிறகு ஒரு நாள் வலி நிற்கிறது.

நின்ற பிறகு நடப்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். உள்ளே இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே உடலின் வெள்ளணுக்களும் அங்கே போக முடியாது. விழுங்கிய ஆன்ட்டிபயாடிக் மருந்தும் போக முடியாது. மருந்து போகும் சாலை இரத்தம்தானே! மாத்திரை தின்றே பல்லைக் குணப்படுத்திவிடலாம் என்ற எண்ணம் இங்கேதான் தோற்கிறது. செத்த குழல் பாக்டீரியாக்களுக்குப் பாதுகாப்பான வீடாகிறது. அவையும் அவற்றின் நச்சும் வேர் நுனித் துளை வழியே கசிந்து எலும்பைத் தொடுகின்றன. அங்கே இரத்த ஓட்டம் உண்டு. எனவே போர் மூள்கிறது, எலும்பு கரைகிறது, சீழ்ப்பை உருவாகிறது. மாதக் கணக்கில், சில சமயம் ஆண்டுக் கணக்கில், வலியே இல்லாமல்.

இதற்கெல்லாம் கிருமிகள்தான் காரணம் என்பதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. 1965ல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, பிட்ஸ்ஜெரால்டு என்ற மூவர் எலிகளின் பற்களில் துளையிட்டுப் பற்கூழைத் திறந்துவிட்டனர். ஒரு கூட்டம் சாதாரண எலிகள். மற்றது கிருமியே இல்லாத சூழலில் பிறந்து வளர்ந்த எலிகள். சாதாரண எலிகளின் பற்கூழ் அழுகி, வேர் நுனியில் சீழ் பிடித்தது. கிருமியற்ற எலிகளிலோ, திறந்த குழியில் உணவுத் துணுக்குகள் சிக்கியிருந்தும் பற்கூழ் உயிரோடிருந்து, காயத்தின் மேல் புது டென்ட்டின் பாலம் கட்டிக்கொண்டது. காயம் ஒன்றே, கிருமி இருந்ததா என்பது மட்டுமே வேறு. ஒரே ஒரு காரணியை மாற்றி மற்றதையெல்லாம் ஒன்றாக வைப்பது எப்படி என்று வகுப்பில் விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆழம் அளந்த கதை

எனக்குத் தெரிந்த ஒருவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் டர்னர். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் வலித்து, மாத்திரை போட்டு, நின்று, மறந்தே போனார். எட்டு மாதம் கழித்து ஈறில் சிறு கொப்புளம். பல் மருத்துவர் எடுத்த எக்ஸ் கதிர்ப் படத்தில் வேர் நுனியில் மிளகளவு கறுப்பு நிழல் தெரிந்தது. கால்சியமும் பாஸ்பரசும் நிறைந்த எலும்பு கதிர்களை உறிஞ்சுவதால் படத்தில் வெளுப்பாகத் தெரியும். கனிமம் கரைந்த இடத்தில் கதிர்கள் தடையின்றிப் பாய்வதால் கறுப்பு. கணிசமான கனிமம் கரைந்த பின்னரே இந்த நிழல் தெரியும் என்பதால், படம் சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பிப் பல் நன்றாயிருக்கிறது என்று மருத்துவர் சொல்லமாட்டார். தட்டிப் பார்ப்பார், குளிர்ச்சி வைத்துப் பார்ப்பார். படம் எடுக்கப் பயப்பட வேண்டாம். ஒரு பல்லுக்கான டிஜிட்டல் படத்தில் கிடைக்கும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நமக்கு ஒரு நாளில் இயல்பாகவே வந்து சேரும் அளவை ஒத்ததுதான்.

அந்தக் காலத்தில் நிலைமை வேறு. ரான்ட்ஜன் 1895ல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த மறு ஆண்டே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் அதைப் பல்லுக்குப் பயன்படுத்தினார். 1899ல் வேர்க்குழலுக்குள் ஈயக் கம்பியை வைத்துப் படமெடுத்துக் குழலின் நீளத்தை அறிந்தார். கதிரின் தீமை அப்போது தெரியாது. கெல்ஸ் விரல்களை இழந்து, கையை இழந்து, 1928ல் காலமானார். இன்று நாம் ஒரு நொடியில் எடுத்துக்கொள்ளும் படத்தின் பின்னால் இந்தக் கை இருக்கிறது.

நம் டர்னருக்கு வேர்க்குழல் சிகிச்சை செய்யலாம் என்று முடிவாயிற்று. அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: "சார், மறுபக்கம் திறக்காத துளை போட்டால் ஆழம் பார்க்க எங்களுக்கு கேஜ் உண்டு. அடியில் முட்டும்வரை விடுவோம். இந்தத் துளைக்கு அடியிலும் ஓட்டை இருக்கிறதாமே! எங்கே நிறுத்துவது என்று டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

மிகச் சரியான கேள்வி. அரை மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தினால் பரவாயில்லை. மூன்று மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தினால் அழுக்கு தங்கும். நுனியைத் தாண்டினால் எலும்புத் திசு புண்படும். எக்ஸ் கதிர்ப் படம் தட்டையான நிழல். வளைந்த வேரில் அது ஏமாற்றும். விடை மின்சாரத்தில் கிடைத்தது. ஜப்பானில் சுசுகி என்பவர் 1942ல் நாய்ப் பற்களிலும், சுனதா என்பவர் 1962ல் மனிதப் பற்களிலும் சோதித்தனர். ஒரு மின்வாயை வாய்ச் சவ்விலும், மற்றொன்றைக் குழலுக்குள் விட்ட அரத்திலும் இணைத்து மின்தடையை அளந்தார் சுனதா. அரத்தின் முனை வேர் நுனியிலுள்ள திசுவைத் தொடும் கணத்தில் தடை ஏறத்தாழ 6.5 கிலோ ஓம் ஆயிற்று. எந்தப் பல்லானாலும், எந்த வயதானாலும் அவ்வளவே! பல்லின் சுவர் மின்சாரத்தைத் தடுக்கும். நுனியில் மட்டுமே வழி திறக்கும். ஓம் விதி எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

முதலில் வந்த கருவிகள் குழலுக்குள் ஈரமிருந்தால் தவறான அளவைக் காட்டின. பின்னர் இதையும் ஜப்பானியரே தீர்த்தனர். 400 ஹெர்ட்ஸ், 8000 ஹெர்ட்ஸ் என இரு அதிர்வெண்களில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்தி, இரண்டு மின்னெதிர்ப்புகளின் விகிதத்தைப் பார்க்கும் கருவி 1990களில் வந்தது. ஈரம் இரண்டு அளவையும் சேர்த்தே மாற்றுவதால் விகிதம் அதிகம் கெடுவதில்லை. உதட்டில் ஒரு சிறு கொக்கியை மாட்டி, பீப் பீப் என்று ஒலிக்கும் பெட்டியைப் பார்த்தால் பயப்படாதீர்கள். டர்னரின் கேஜ் அதுதான்.

வேலை நடக்கும் விதம்

முதலில் மரத்துப்போகும் ஊசி. சீழும் அழற்சியும் உள்ள இடம் அமிலத்தன்மை அடைந்திருப்பதால் மருந்து சற்று மெதுவாக வேலை செய்யக்கூடும். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்காமல் கையைத் தூக்குங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பிறகு பல்லை மட்டும் வெளியே நீட்டி மற்ற வாயை மூடும் இரப்பர் திரை. எச்சில் உள்ளே போகாமலும், நுண்ணிய அரங்கள் தொண்டைக்குள் விழாமலும் இது காக்கிறது. திரையைப் போடச் சொல்லிக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு.

பல்லின் தலையில் துளையிட்டு, குழல்களின் வாயைக் கண்டுபிடிக்கிறார்கள். கீழ்த்தாடை முதல் கடைவாய்ப் பல்லுக்கு வேர் இரண்டு. குழலோ பொதுவாக மூன்று, சிலருக்கு நான்கு. ஒன்றை விட்டுவிட்டாலும் சிகிச்சை தோற்கும். ஆகவே நேரம் எடுத்துக்கொள்ளும் மருத்துவரிடம் பொறுமை இழக்காதீர்கள்.

நூலிழை போன்ற அரங்களால் குழலைத் தேய்த்து அகலப்படுத்துவார்கள். எஃகு அரம் வளைந்த வேருக்குள் நிமிரப் பார்த்துச் சுவரைக் குடையும். 1988 முதல் நிக்கல்-டைட்டானியக் கலவையில் அரங்கள் செய்து பார்த்தார்கள். எஃகுக் கம்பியைச் சிறிது வளைத்தாலே நிரந்தரமாகக் கோணிவிடும். இந்தக் கலவை ஏறத்தாழ 8 சதவீதம் வரை நீண்டாலும் பழைய வடிவுக்குத் திரும்பும். ஆனால் களைப்பு உலோகத்துக்கும் உண்டு. சில சமயம் முனை உள்ளேயே முறியும். முறிந்தால் மருத்துவர் உங்களிடம் சொல்ல வேண்டும். அது கட்டாயம் பல் போய்விட்டது என்று அர்த்தமில்லை.

அரம் தொடாத மூலைகளை சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் கழுவுகிறது. துணி வெளுக்கப் பயன்படும் அதே பொருள்தான். செத்த திசுவைக் கரைக்கும், கிருமியைக் கொல்லும். இங்கே ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒளிபுகும் பழைய பேனா ரீபிளை நன்றாகக் கழுவி, ஒரு முனையை மெழுகால் அடையுங்கள். திறந்த முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் மேலேயே நிற்கும்; அடியிலுள்ள காற்று வழிவிடாது. வேர்க்குழலிலும் இதே காற்றடைப்பு உண்டு. அதனால்தான் நுண்ணிய ஊசியை நுனியருகே வரை இறக்கி, மெல்ல மெல்லச் செலுத்துகிறார்கள். மீயொலியால் கரைசலைக் குலுக்குவதும் உண்டு. வேகமாக அழுத்தினால் மருந்து நுனியைத் தாண்டி எலும்பைச் சுட்டுவிடும். ஊசியின் துளை நுனியில் இல்லாமல் பக்கவாட்டில் இருப்பது இதற்காகவே.

சுத்தமான குழலைக் காலியாக விட முடியாது. அதை அடைக்கப் பயன்படும் பொருளுக்கு நம் கரையோடு பழைய உறவு உண்டு. மலாயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது குட்டா பெர்ச்சா. இரப்பருக்கு உடன்பிறப்பு. இரண்டிலும் மூலக்கூறின் உறுப்புகள் ஒன்றே; இணைந்திருக்கும் பக்கம்தான் வேறு. ஒருகாலத்தில் அம்பத்தூரில் இயங்கிய டன்லப் ஆலையில் டயரான இரப்பர் இழுத்தால் நீளும். குட்டா பெர்ச்சா அறை வெப்பத்தில் விறைப்பாக இருந்து, சூடேற்றினால் இளகும். இது சிறந்த மின்காப்புப் பொருள் என்று மைக்கேல் பாரடே 1848ல் எழுதினார். 1870-71ல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் போட்ட தந்திக் கம்பியின் மேல் இருந்த உறை இதுதான். கடல் நீரை உள்ளே விடாத பொருள், எச்சிலையும் உள்ளே விடாது. இன்றைய குச்சிகளில் துத்தநாக ஆக்சைடும், எக்ஸ் கதிரில் தெரிவதற்காகப் பேரியமும் கலந்திருக்கும். ஆறும்போது சற்றுச் சுருங்குவதால், இடைவெளியை நிரப்ப ஒரு பசையும் சேர்க்கிறார்கள்.

கேப் போடாமல் விடுகிறவர்கள்

குழல் அடைத்தாயிற்று, வலியும் இல்லை, இனிக் கேப் எதற்குச் செலவு என்று பலர் நின்றுவிடுகிறார்கள். கடைவாய்ப் பல்லில் கடிக்கும் விசை எளிதாக 500 நியூட்டன் வரும். அதாவது 50 கிலோ எடை. நடுவில் குடையப்பட்ட பல்லின் முகடுகளை அந்த விசை, விறகில் ஆப்பு இறங்குவதுபோல் இரு பக்கமும் தள்ளுகிறது. ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது வேர்வரை பிளந்தால் பிறகு பிடுங்குவது ஒன்றே வழி. கேப் என்பது வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போலப் பல்லைச் சுற்றி இறுக்கி நிற்பது. முன் பற்களுக்கு இது எப்போதும் தேவைப்படாது; கடைவாய்ப் பல்லுக்கு அநேகமாகத் தேவை.

செத்த பல்லை வாயில் வைத்திருந்தால் உடம்பெல்லாம் விஷமேறும் என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1910 முதல் மேல்நாட்டு மருத்துவர் சிலர் இதைப் பரப்பி, இலட்சக்கணக்கான பற்களைப் பிடுங்க வைத்தனர். பிடுங்கியதால் அந்த நோய்கள் தீரவில்லை என்று பின்னர் தெரிந்தது. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதும் வீண் பயமே. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. வேரே பிளந்த பல்லையும், பிடிப்பு எலும்பு போய் ஆடும் பல்லையும் பிடுங்குவதே நல்லது. எல்லாப் பல்லையும் காப்பாற்றலாம் என்று யாராவது சொன்னால் இன்னொருவரையும் கேளுங்கள்.

செலவுதான் தடை என்றால், 1953ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. ஆவடி, அம்பத்தூர்க்காரர்களுக்கு மின்ரயிலில் போய்விடும் தூரம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியிலும், முகப்பேர் பக்கத்திலும் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்வதால் நேரம் கூடுதலாகும்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடக் கூடாது. பல் சீழால் முகமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சலும் வந்து, வாயைத் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால், வீக்கம் மூச்சுக் குழாயை நெருக்கலாம். அன்றிரவே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நிலையில் ஆன்ட்டிபயாடிக் தேவைதான். ஆனால் சீழை வெளியேற்றுவதும் கூடவே நடக்க வேண்டும். எருக்கம்பால் வைப்பது, சுடு ஒத்தடம் கொடுப்பது எதுவும் வேண்டாம்.

சிகிச்சை முடிந்த ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் மறுபடி ஒரு படம் எடுக்கச் சொல்வார்கள். வலி இல்லையே என்று தவிர்க்காதீர்கள். வலியை வைத்து இந்தப் பல்லை இனி அறிய முடியாது. குழலில் கிருமி ஒழிந்திருந்தால், வேர் நுனியில் கரைந்த இடத்தில் உடல் தானே புது எலும்பை நிரப்பும். டர்னரின் முதல் படத்தில் மிளகளவு இருந்த நிழல் ஆறாம் மாதம் கடுகளவாயிற்று. ஓராண்டுப் படத்தில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.